மாணவர்கள் சேர்ந்து எழுத எந்த விக்கி?

மாணவர்களைச் சேர்ந்து எழுத வைக்கலாம் என்று முடிவெடுத்த ஆசிரியர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி, "எதில் எழுத வைப்பது?" என்பதுதான். நேராகத் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே எழுதட்டுமா? பள்ளிக்குள் தனியாக ஒரு விக்கி, அதாவது படிப்பவர்களே திருத்தி எழுதக்கூடிய தளம், வைத்துக்கொள்ளலாமா? பழைய நூல்களைத் தட்டச்சு வடிவில் சேர்த்துவைக்கும் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்க விடலாமா? கல்லூரி என்றால், பாடங்களை இணையத்தில் நடத்த உதவும் மூடில் மென்பொருளுக்குள் இருக்கும் விக்கியே போதாதா? இவ்வளவும் எதற்கு, கூகுள் டாக்ஸ் இருக்கிறதே? இவற்றில் எதற்கும் பள்ளி காசு கட்ட வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் தமிழில் எழுதலாம். அதனால் ஏதோ ஒன்றில் தொடங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் தேர்வு பொருந்தவில்லை என்பது அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் பிள்ளைகளுக்கு அந்த வேலையே அலுத்துப்போயிருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பள்ளி லேபுக்குள்ளேயே ஓடும் ஒரு சிறிய விக்கி. அதன் கூடவே, வாரம் ஒரு பீரியட் விக்கிமூலம். விக்கிப்பீடியா கல்லூரி மாணவர்களுக்கு. அதுவும் ஆசிரியர் தானே அங்கே சில மாதங்கள் எழுதிப் பழகியிருந்தால் மட்டும். கூகுள் டாக்ஸ் நல்ல கருவிதான், இந்த வேலைக்கு உரியதல்ல.

இப்படிப் பிரிப்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு மாணவர் எழுதிய வரியை இன்னொருவர் திருத்த வேண்டும். ஏன் திருத்தினேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். முதலில் எழுதியவர் அதை ஏற்க வேண்டும், இல்லையென்றால் ஆதாரம் காட்டி மறுக்க வேண்டும். சேர்ந்து எழுதுவதால் வரும் படிப்பு அங்கேதான் நடக்கிறது. எந்தக் கருவி இதைச் செய்யத் தூண்டுகிறது, செய்ததைப் பதிவாக வைக்கிறது, செய்யும் பிள்ளையைக் காயப்படுத்தாமல் இருக்கிறது என்று பார்த்தால் விடை தானாக வரும்.

எங்கள் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிப் பாசனப் பகுதி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி விக்கியில் ஊர் ஏரியைப் பற்றி ஒரு பக்கம் தொடங்கினார்கள். "ஏரி கடைசியாக நிரம்பிக் கலங்கல் வழிந்தது 2015 வெள்ளத்தின்போது" என்று ஒரு மாணவி எழுதினார். மறுநாள் வேறொரு மாணவர் அந்த ஆண்டை 2021 என்று மாற்றி, காரணம் எழுதும் பெட்டியில் "நானே பார்த்தேன்" என்று போட்டார். மாணவி விடவில்லை. பழைய வரியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டு, "பார்த்தேன் என்றால் எப்படி நம்புவது?" என்று பக்கத்தின் அடியில் கேட்டார். அந்த மாணவர் அப்பாவின் போனில் இருந்த கலங்கல் வீடியோவைத் தேதியோடு கொண்டுவந்து காட்டினார். சரி, 2021க்கு ஆதாரம் வந்துவிட்டது. அப்போது மூன்றாவதாக ஒருவர், "2015க்கு மட்டும் ஆதாரம் எங்கே?" என்று எழுதினார். அதற்காக இரண்டு பேர் ஏரித் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டு விவசாயி ஒருவரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, அவர் சொன்னதை அவர் பெயரோடு பதிந்தார்கள். கடைசியில் இரண்டு ஆண்டுகளும் பக்கத்தில் நின்றன. ஆதாரம் என்றால் என்ன என்று நான் பாடம் நடத்தவே இல்லை.

இதே வேலையைச் சார்ட் பேப்பரில் கொடுத்திருந்தால் கையெழுத்து நன்றாக இருக்கும் ஒருவர் எழுதியிருப்பார், மற்றவர்கள் ஸ்கெட்ச் பேனா எடுத்துக் கொடுத்திருப்பார்கள். 2015 என்றே நின்றிருக்கும்.

1995 மார்ச்சில் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம் முதல் விக்கியை நிரலாளர்களுக்காகத் திறந்துவிட்டபோது அடிப்படை எண்ணமும் இதுதான்: படிக்கிற யாரும் அந்த இடத்திலேயே திருத்தலாம். பின்னால் வந்த விக்கிகள் அதில் திருத்த வரலாறு, இரண்டு பதிப்புகளின் வேறுபாடு, உரையாடல் பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தன. ஆசிரியருக்கு வேண்டியது இந்த மூன்றும்தான்.

கூகுள் டாக்ஸை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் ஒரே தாளில் எழுதலாம், அது பெரிய வசதி. ஆண்டுவிழா அறிக்கை, அறிவியல் கண்காட்சித் திட்டம் போன்றவற்றுக்கு அதைத்தான் நானும் பயன்படுத்துகிறேன். பதிப்பு வரலாறும் உண்டு. ஆனால் மாற்றத்துக்கான காரணத்தை எழுதச் சொல்லும் பெட்டி அதில் இல்லை. எழுத்து கண்முன்னே ஓடிக்கொண்டே இருப்பதால் நின்று யோசித்துத் திருத்தும் பழக்கமும் வருவதில்லை. இணைப்பை மட்டும் அனுப்பித் திறக்கச் சொன்னால், கணக்கில் நுழையாமல் வருபவர்கள் பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு விலங்கின் பெயரோடு தெரிவார்கள். யார் எதை எழுதினார் என்று பிறகு பிரிக்கவே முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்ஸ் ஒரு தாள். விக்கி பல பக்கங்கள் ஒன்றோடொன்று கோத்து வளரும் அமைப்பு. ஏரிப் பக்கத்திலிருந்து மதகுக்கு, மதகிலிருந்து பயிருக்கு, பயிரிலிருந்து ஊர்ச் சந்தைக்கு என்று பிள்ளைகள் இணைப்புக் கொடுத்துக்கொண்டே போகும்போதுதான் அறிவு எப்படிப் பிணைந்து கிடக்கிறது என்று அவர்களுக்குப் பிடிபடுகிறது.

மூடில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் ஏற்கெனவே மூடில் ஓடினால் அதிலேயே விக்கி இருக்கிறது. மாணவர் கணக்குகள் தயார், வெளியார் வர முடியாது, குழு குழுவாகப் பிரிக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். விக்கியை உருவாக்கும்போதே அது கூட்டு விக்கியா, ஆளுக்கொரு விக்கியா என்று கேட்கும். பிறகு மாற்ற முடியாது. ஆளுக்கொன்று என்று அழுத்திவிட்டால் முப்பது பேரும் முப்பது தனி நோட்டில் எழுதுவார்கள். அடுத்த குறை, பருவம் முடிந்ததும் அந்தப் பாடத்தோடு விக்கியும் மூடப்பட்டுவிடுவது. அடுத்த ஆண்டு வருபவர்கள் முந்தையவர்கள் எழுதியதைப் பார்ப்பதே இல்லை. ஒரு பருவத்துக்குள் முடியும் வேலைக்குப் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

விக்கிப்பீடியாவின் கவர்ச்சி வேறு. பிள்ளை எழுதியதை உலகத்தில் எங்கிருந்தும் படிக்கலாம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அதில் தன் பங்கும் சேர்ந்தால் எந்த மாணவருக்கும் பெருமைதான். இதை நன்றாகச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2008இல் லத்தீன் அமெரிக்க இலக்கிய வகுப்பு ஒன்றின் மாணவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினார்கள். ஒரே பருவத்தில் மூன்று கட்டுரைகள் சிறப்புக் கட்டுரை என்ற உயர்ந்த தகுதியைப் பெற்றன. அதே ஆங்கில விக்கிப்பீடியாவில் 2011இல் புனேயின் சில கல்லூரிகளைக் கொண்டு பெரிய அளவில் ஒரு திட்டம் நடந்தது. மாணவர்களில் பலர் நூல்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே எடுத்து ஒட்டினார்கள். தன்னார்வலர்களால் நீக்கி மாளவில்லை. திட்டம் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

இரண்டுக்கும் வேறுபாடு மாணவர்களின் திறமையில் இல்லை. கனடாவில் ஒரு வகுப்பு, குறைந்த தலைப்புகள், பழுத்த விக்கிப்பீடியர்கள் கூடவே நின்று ஒவ்வொரு வரைவையும் படித்துக் கருத்துச் சொன்னார்கள். புனேயில் ஏராளமான மாணவர்கள், அவர்களுக்கு வழிகாட்டப் போதிய அனுபவசாலிகள் இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவில் நாள்தோறும் உழைக்கும் தன்னார்வலர் வட்டம் சிறியது. ஒரு கல்லூரியிலிருந்து நூறு மாணவர்கள் ஒரே வாரத்தில் கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்த கட்டுரைகளைக் கொண்டுவந்து கொட்டினால், அதைத் துடைக்கப்போவது வேலைக்குப் போய்விட்டு இரவில் வந்து உட்காரும் நாலைந்து பேர்தான். நம் மாணவர் மதிப்பெண்ணுக்காக அவர்கள் தூக்கத்தைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இருக்கும் தயக்கத்துக்கு அதைவிட ஆழமான காரணம் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு உண்மையாகவே தெரிந்தது, வேறு எங்கும் எழுதப்படாதது: தன் ஊர், தன் வீட்டுத் தொழில், பாட்டி சொன்ன மருந்து, ஏரியில் எந்த மடை முதலில் திறப்பார்கள் என்ற வழக்கம். விக்கிப்பீடியா இதை ஏற்காது. ஏற்கெனவே வெளியான நம்பகமான ஆதாரம் கேட்கும். கேட்டறிந்த சொந்த ஆய்வை நீக்கிவிடும். ஒரு கலைக்களஞ்சியம் அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆயக்கட்டு விவசாயியிடம் பேசிவிட்டு வந்து எழுதிய முதல் பத்தி மறுநாள் காலையில் நீக்கப்பட்டிருந்தால், பதினான்கு வயதுப் பிள்ளை அந்த விதியின் நியாயத்தைப் புரிந்துகொள்ளாது. "நம்ம ஊருக்கு மதிப்பில்லை" என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு, முதன்முறை முயல்பவர்கள் எல்லாரும் இதில் முட்டிக்கொள்வார்கள். லேபில் முப்பது பேரை உட்காரவைத்துக் கணக்குத் தொடங்கச் சொன்னால் ஆறு பேருக்குக் கிடைக்கும், ஏழாவது ஆளுக்கு மறுக்கப்படும். ஒரே இணைய இணைப்பின் முகவரியிலிருந்து (ஐபி) ஒரு நாளைக்கு ஆறு கணக்குக்கு மேல் விடுவதில்லை, குறும்புக்காரர்களைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. லேப் முழுவதும் ஒரே முகவரியில்தான் வெளியே போகிறது. கல்லூரியில் இதைச் செய்யப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே தமிழ் விக்கிப்பீடியா நிர்வாகிகளிடம் சொல்லிவையுங்கள், அவர்களே கணக்குத் தொடங்கிக் கொடுக்க முடியும். அல்லது மாணவர்கள் அவரவர் வீட்டிலிருந்து தொடங்கிவிட்டு வரட்டும். முழுக் கட்டுரையில் ஆரம்பிக்காதீர்கள். இருக்கும் கட்டுரைக்கு ஒரு மேற்கோள் சேர்ப்பது, பிழைபட்ட ஒரு பத்தியைத் திருத்துவது, புதிதாக எழுதுவதை மணல்தொட்டி என்ற சோதனைப் பக்கத்தில் எழுதி வகுப்பில் விவாதித்த பிறகே வெளியிடுவது என்று போனால் யாருக்கும் தொல்லையில்லை.

விக்கிமூலத்தை நம் ஆசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் ஆதங்கம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பெருமளவில் அங்கே ஏற்றப்பட்டிருக்கின்றன. திரையின் ஒரு பக்கம் பழைய நூலின் ஸ்கேன் படம், மறுபக்கம் கணினி அதைப் படித்து எடுத்த எழுத்து. மாணவர் வேலை இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவது. கணினி துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பும், ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் மாற்றும், ளகரத்தை னகரம் ஆக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ளை, ணை, னை ஆகியவை தும்பிக்கை வைத்த பழைய வடிவில் வரும். அதைக் கண்டால் கணினி தடுமாறும், பிள்ளைகள் முதல் நாள் அதைவிட அதிகமாகத் தடுமாறுவார்கள். இரண்டு வாரத்தில் சரளமாகப் படிப்பார்கள். அறுபது ஆண்டு பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இனி அவர்கள் விலகிப் போக மாட்டார்கள். இது ஒன்றுக்காகவே நான் இதைச் செய்வேன்.

இங்கே கூட்டு வேலை விதியாகவே பதிந்திருக்கிறது. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்து முடித்தால் மஞ்சள். பச்சையாக்க வேண்டுமானால் வேறொருவர் மறுபடி பார்க்க வேண்டும். மஞ்சளாக்கியவரால் பச்சையாக்க முடியாது. மஞ்சளாக்கும் மாணவருக்குத் தன் பக்கத்தை இன்னொரு கண் பார்க்கப்போகிறது என்று தெரியும், அதனால் கவனம் கூடுகிறது. ஒரு பக்கம் ஒரு பீரியடுக்குள் முடியும். சர்ச்சை கிடையாது, நீக்கம் கிடையாது. படத்தில் இருப்பதுதான் சரியான விடை. அதுவே இதன் எல்லையும்கூட. மாணவர் சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுதுவதில்லை. அதனால்தான் இதைத் தனியாக வைக்காமல் பள்ளி விக்கியோடு சேர்த்து வைக்கச் சொல்கிறேன்.

பள்ளி விக்கிக்கு வருவோம். வெளியே ஒரு நிறுவனம் நடத்தும் இலவச விக்கித் தளத்தில் பக்கம் தொடங்குவது எளிது. ஆனால் விக்கிஸ்பேசஸ் கதையை மறக்கக் கூடாது. 2005இல் தொடங்கி உலகம் முழுக்க ஆசிரியர்கள் நம்பிப் பயன்படுத்திய தளம் அது, 2018இல் மூடப்பட்டது. சரியான நேரத்தில் எடுத்துவைக்காதவர்களின் வகுப்பு உழைப்பு அதோடு போனது. பிள்ளைகள் எழுதியது நம் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு இரண்டு மென்பொருள்களைப் பார்க்கலாம். மீடியாவிக்கி என்பது விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்தும் நூலகம் தளம் இதில்தான் இயங்குகிறது, ஆகவே தமிழுக்கு எவ்வளவு தாங்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தரவுத்தளம் வேண்டும், பராமரிக்கக் கணினி தெரிந்தவர் வேண்டும். ஒரு பள்ளிக்கு நான் டோக்குவிக்கியைத்தான் சொல்வேன். தரவுத்தளமே தேவையில்லை, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. பழைய லேப்டாப் ஒன்றில் நிறுவி லேபின் உள் இணைப்பில் வைத்தால் நெட் இல்லாத நாளிலும் ஓடும். பள்ளிக் கணினிகளில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, பிரவுசர் போதும். ஹைடெக் லேப் என்றால் அந்த இணைப்பில் இன்னொரு கணினியைச் சேர்க்கத் தலைமை ஆசிரியரின் அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள்.

இதில் தமிழில் எழுதுபவர்கள் சந்திக்கும் சிக்கல் ஒன்று உண்டு. பக்கத் தலைப்பே கோப்பின் பெயராகிறது. டோக்குவிக்கி தானாகச் செய்யும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது இடங்களைப் பிடிக்கும். மெய்யெழுத்துப் புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறியீடுதான். கோப்புப் பெயருக்கு 255 இடங்கள்தான் எல்லை. தலைப்பு மூன்று நான்கு சொல்லாக நீண்டாலே பக்கம் சேமிக்கப்படாது. அமைப்புகளில் கோப்புப் பெயர் முறையை யுடிஎஃப்-8 என்று மாற்றலாம். அதைவிட நல்லது, ஏரி, மதகு, சந்தை, தேர்த்திருவிழா என்று தலைப்புகளைச் சுருக்கமாக வைக்கப் பழக்குவது.

டோக்குவிக்கியில் ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தால் அது மற்றவருக்குப் பூட்டிக்கொள்ளும். விட்டுவிட்டுப் போனால் பதினைந்து நிமிடத்தில் தானே திறக்கும். நாற்பது நிமிடப் பீரியடில் இது இடைஞ்சல் என்று தோன்றலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது. காத்திருக்கும் பிள்ளை வேறு பக்கத்துக்குப் போகும், அங்கே யாரோ எழுதியதைப் படிக்கும், படித்தால் திருத்தத் தோன்றும். ஆகவே ஐந்து பேருக்கு ஒரு பக்கம் என்று கொடுக்காமல், ஐந்து பேருக்கு ஏழெட்டுப் பக்கங்கள் கொடுங்கள்.

எந்தக் கருவியாக இருந்தாலும் வரும் பெரிய தடை ஒன்று: அடுத்தவர் வரியைத் தொட நம் பிள்ளைகள் கூசுவார்கள். முதல் ரேங்க் வாங்கும் மாணவி எழுதிய பத்தி என்றால் யாருமே கை வைக்க மாட்டார்கள். ஆளுக்கொரு பத்தி எழுதி ஒட்டிவிட்டு, சேர்ந்து எழுதினோம் என்பார்கள். இதை உடைக்க நான் செய்வது, முதல் வாரம் ஆசிரியர் பெயரில் ஒரு பக்கம் எழுதி அதில் வேண்டுமென்றே பிழைகளை விதைத்துவிடுவது. ஊரின் மக்கள்தொகையைத் தப்பாகப் போடுவேன், ஒற்றுப்பிழை விடுவேன், ஆதாரமில்லாமல் ஒரு பெருமை பேசுவேன். சாரின் வரியைத் திருத்திக் காரணமும் எழுதிய பிள்ளைக்கு அதன்பின் தோழியின் வரியைத் திருத்தத் தயக்கம் இருக்காது.

மதிப்பெண்ணை எண்ணிக்கைக்குக் கொடுத்தால் காரியம் கெடும். ஒரு காற்புள்ளி சேர்த்துச் சேமி, எடுத்துவிட்டுச் சேமி என்று ஒரே நாளில் இருபது திருத்தம் காட்டுவார்கள். வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டு மதிப்பெண்ணுக்கு நான் கேட்பது, திருத்த வரலாற்றிலிருந்து அவரவரே தேர்ந்தெடுத்த மூன்று திருத்தங்கள்: ஒன்று தான் அடுத்தவருக்குச் செய்தது, ஒன்று அடுத்தவர் தனக்குச் செய்ததை ஏற்றது, ஒன்று ஏற்காமல் மறுத்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். ஏஐ எழுதித் தந்ததை ஒட்டியவர்களும் இங்கே தெரிந்துவிடுவார்கள். வரலாற்றில் நானூறு சொல் ஒரே நிமிடத்தில் வந்து விழுந்திருக்கும், அதற்கு முன்னும் பின்னும் ஒரு திருத்தமும் இருக்காது. அவரைத் திட்ட வேண்டாம். அந்தப் பத்தியில் ஊரைப் பற்றி எவ்வளவு சரி என்று குழுவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், போதும்.

வெளியே போகும் எதிலும் பிள்ளைகளின் உண்மைப் பெயர், படம், வகுப்பு, பள்ளி சேர்ந்து வரக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. விக்கிமூலத்துக்குப் புனைபெயரில் கணக்குத் தொடங்கி, பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி விக்கி லேபுக்குள்ளேயே இருப்பதால் அங்கே சொந்தப் பெயரில் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

இணையமும் லேபும் இரண்டுமே இல்லாத பள்ளியில் விக்கியைத் தேட வேண்டாம். ஒரு நீள நோட்டில் இடப்பக்கம் கட்டுரை, வலப்பக்கம் திருத்தமும் காரணமும் பெயரும் தேதியும் என்று வைத்து ஓட்டலாம். முறை அதேதான்.

டோக்குவிக்கி வைப்பவர்கள் மார்ச் மாதம் தேர்வு வேலைக்குள் மூழ்குவதற்கு முன், அதன் தரவுக் கோப்புறையை அப்படியே ஒரு பென் டிரைவில் எடுத்துவையுங்கள். பழைய பதிப்புகள் உட்பட எல்லாம் அதற்குள் இருக்கும். ஜூனில் புதிய வகுப்புக்கு வெறும் பக்கத்தைத் திறந்து கொடுக்காதீர்கள். போன ஆண்டு எழுதிய ஏரிப் பக்கத்தைத் திறந்து, இதில் இன்றைக்குப் பொருந்தாத வரி எது என்று கேளுங்கள்.